சூடேறினால் மட்டும்

இரண்டாவது முறை நெஸ்தான் கயிற்றில் வந்தாள்,
ஒரு பேக்கரி வேன் இழுத்துவர.
டிக்கியில் காலிப் பெட்டிகள்.
பாலாடைக்கட்டி விற்றுத் தீர்ந்திருந்தது,
உப்புத் தண்ணீர் வாசனை மட்டும் கூடவே வந்தது.

"கோஜோரி ஏற்றத்தில். இரண்டாவது கொண்டை ஊசி.
பின்னால் சுண்ணாம்பு ட்ரக்.
மிதிக்கிறேன் வாழா, சத்தம் போகிறது, வண்டி போகவில்லை."

செப்டம்பரிலும் இதையேதான் சொன்னாள்.
அன்று காலைக் குளிரில் சாவியைத் திருப்பினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ்,
எல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வந்தன.
இன்ஸ்பெக்டர் வந்த நாள் வகுப்பறை போல அத்தனை ஒழுக்கம்.
உங்கள் கால்தான் கனம் என்றேன்.
முப்பது லாரிக் காசும் வாங்கிக்கொண்டேன்.

இன்று லிஃப்டில் தூக்கி
நாற்பது நிமிடம் ஓடவிட்டேன்.
ரேடியேட்டர் விசிறி இரண்டு தடவை சுற்றி அடங்கியது.
பிறகு லிவரைத் தள்ளினேன்.
ஒன்று இருந்தது.
இரண்டு இருந்த இடத்தில் யாருமில்லை.
மூன்று இருந்தது. நான்கு இல்லை. ரிவர்ஸும் இல்லை.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
கையுறையைக் கழற்றி நான்காக மடித்தாள்.

பேட்டரியைப் பிரித்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றி,
குழியின் பிளாஸ்டிக் திரையை விலக்கினால்
கியர்பெட்டியின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது அது,
டிபன் டப்பா அளவு அலுமினியம்.
நான்கு போல்ட். இரண்டில் துரு.
ஒன்று என் புறங்கையைக் கிழித்துவிட்டுத்தான் இறங்கியது.
அபராதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூடியைத் திறந்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
ஈயப் பற்றில் ஒரு விரிசல்.
பக்கத்தில் ஓர் இமைமயிரை வைத்தால்
மயிர் கயிறாகத் தெரியும்.
சூட்டில் திறக்கும், குளிரில் மூடும்.
காலையில் பொய், மாலையில் மெய்.
இத்தனூண்டு இடத்தை வைத்துக்கொண்டு
மூன்று மெக்கானிக்குகள் சேர்ந்து
பதினெட்டு வருடம் மலைப்பாதையில் ஓட்டியவளை
ஓட்டத் தெரியாதவள் ஆக்கியிருந்தோம்.

புதியது வாங்குவதென்றால் வண்டியை விற்கவேண்டும்.
ருஸ்தாவி உடைப்புச் சந்தையில் பத்ரி ஒன்று வைத்திருந்தான்,
ஒஹாயோவில் நொறுங்கி
போத்தி துறைமுகத்தில் இறங்கிய நீல வண்டியினுடையது.
மாட்டினேன். லேப்டாப்பை இணைத்தேன்.
வண்டி அதை ஏற்கவில்லை.
உள்ளே வேறொரு வண்டியின் எண், பதினேழு எழுத்து.
அதற்குக் கீழே:
ஆறாம் கியர். மணிக்கு எழுபத்தொரு மைல்.
பிரேக் பெட்டியோடு தொடர்பு அறுந்தது.
அப்புறம் ஒரு வரியும் இல்லை.

தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.
என்ன எழுதியிருக்கிறது என்றாள். சொன்னேன்.
"உள்ளே ஆள் இருந்தார்களா?"
அதையெல்லாம் இது குறித்துவைக்காது.
அழிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.
அம்புக்குறியை ஆம் மேல் வைத்துவிட்டு
கை வராமல் டீ போடப் போனேன்.
கெண்டி கொதிக்கும்முன் திரும்பினேன். காலியாயிருந்தது.
அவள்தான் அழுத்தியிருந்தாள்.
சொந்த எண்ணை நான் ஏற்றினேன்.

இனி அது கற்கவேண்டும்.
பிரேக்கை மிதித்தபடி அவள், எண்களைப் பார்த்தபடி நான்.
கிளச்சு எங்கே தொடுகிறதென்று
உள்ளே தேடுகிற ஓசை,
தெரியாத வீட்டு இருட்டில்
சுவிட்சுக்குச் சுவரைத் தடவும் கை மாதிரி.
டக்.
வெகுநேரம் கழித்து இன்னொரு டக்.

இரவு ஒன்பதுக்கு ஏற்றம் ஏறினோம். மழை.
இரண்டாவது கொண்டை ஊசியில் ஒரு சின்ன உதறல்,
பிறகு இரண்டு வந்து உட்கார்ந்தது.
"கால் எப்படி?" என்றாள்.
நான் வைப்பரைப் பார்த்தேன்.

பில்லில் முப்பதைக் கழித்தேன்.
வட்டி எங்கே என்றாள்.
பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி
செய்தித்தாளில் சுற்றிக்கொண்டாள்.
அடுப்புமேல் நன்றாகச் சூடாக்கி
மீதி இரண்டு மெக்கானிக்குகளிடமும்
கொண்டுபோய்க் காட்டப்போகிறாளாம்.