வருகையின் நோக்கம்

தளிக்கு முன்னால் ஏரி திரும்பும் இடத்தில்
ஆட்டோ நின்றுவிட்டது. மீதி நடைதான்.
காய்ச்சல் கண்ட கன்னியர் வந்து
உடம்பு தேறிப் போவதற்காக
நூறு வருஷத்துக்கு முன் கட்டிய வீடு;
இப்போது ஒன்பது அறை, இரவுக்கு எழுநூறு,
களி வேண்டுமென்றால் முதல்நாளே சொல்ல வேண்டும்.

செசிலியம்மா பேரேட்டைத் திருப்பி வைத்தார்.
பெயர். ஊர். தொழில். வருகையின் நோக்கம்.
எனக்கு முன் வந்தவர்கள்
பறவை பார்க்க என்றும் நிலம் பார்க்க என்றும்
எழுதியிருந்தார்கள். ஒருவர், தூங்க.
தொழில் வரைக்கும் எழுதிவிட்டு
பேனாவை மூடினேன்.
"போகும்போது எழுதினாலும் சரி."
அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னார்.

இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி,
சிலுவை இருந்த இடம் மட்டும்
சுவரில் வெளுப்பாக.
ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே:
வானம் தெரியும், வழி தெரியாது.
சுவரின் கனம் என் கையால் ஒன்றரை முழம்.
அளந்தேன். வேறு வேலை இல்லை.

பக்கத்து அறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு,
இடது வார் ஊக்கு குத்திப் பிணைத்தது.
அந்த ஆளை நான் பார்க்கவே இல்லை.
வாளி நிரம்பும் சத்தம், இருமல்,
பிறகு இருமலை விழுங்கும் சத்தம்.

சாப்பாட்டு அறையில் பேசக் கூடாதென்று
யாரும் எழுதிப் போடவில்லை. யாரும் பேசுவதுமில்லை.
லகுமப்பா களியை உருட்டி வைத்து
அவரைக்கொட்டைச் சாற்றைக் குழியில் விடுவார்.
என் கரண்டி கீழே விழுந்தபோது
நான்கு மேசையும் திரும்பிப் பார்த்து
மன்னித்தன.

ஓசூரில் எனக்கு நாளுக்கு நூற்று நாற்பது அழைப்பு.
'மூன்று தவணை நிலுவை' என்று தொடங்கி
எங்கே குரலை ஏற்றுவது
எங்கே 'அண்ணா' போடுவது
எல்லாம் அச்சடித்தே தந்திருக்கிறார்கள்.
எதிர்ப்பக்கம் மூன்று விநாடி பேச்சில்லையென்றால்
திரையில் அதற்கொரு கட்டம் உண்டு: பதில் இல்லை.
அமுக்கிவிட்டு அடுத்த எண்.

இரண்டாம் இரவு கரண்ட் போய்,
காட்டோரம் யானை விரட்டும் வெடியும் ஓய்ந்து,
அந்த இருமலுக்காகக் காத்துப் படுத்திருந்தேன்.
வரவில்லை.
அப்போதுதான் கேட்கத் தொடங்கின
நான் அமுக்கிய கட்டங்களுக்குள் இருந்தவை.

பாலக்கோட்டில் ஒரு தையல் மிஷின்
ஓடிக்கொண்டிருந்தது, என் குரலுக்கு நின்றது,
நின்றபடியே இருந்தது.
பென்னாகரத்துப் பையன்
'அப்பா இல்லேன்னு சொல்லட்டா' என்று
போனைப் பொத்தாமலே கேட்டான்;
தலையசைப்புக்குச் சத்தம் கிடையாது.
மொரப்பூரில் யாரோ
ரயில் கடந்து போகட்டும் என்று
என்னோடு சேர்ந்து காத்திருந்தார்.
ஊத்தங்கரையில் ஒருத்தி மூச்சை இழுத்தாள்.
எப்போது விட்டாளோ.
நான் அதற்குள் அரூருக்குப் போயிருந்தேன்.

அழவெல்லாம் இல்லை.
எழுந்து தண்ணீர் குடித்தேன்.
சுவரில் இரண்டு விரலால் தட்டினேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.
வெகுநேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு.
ஒன்றரை முழச் சுவர்.
கேட்டதா, கேட்க வேண்டுமென்று இருந்ததா,
சொல்லத் தெரியவில்லை.

காலையில் செருப்பு இல்லை.
ஊக்கு மட்டும் வாய்திறந்து கிடந்தது.
எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டேன்.
பேரேட்டில் 'ஓய்வு' என்று எழுதினேன்.
செசிலியம்மா படித்துவிட்டு
மை காயட்டும் என்று திறந்தே வைத்தார்.

ஏரித் திருப்பத்தில் சிக்னல் வந்தது.
வந்ததும் மணியடித்தது, தெரியாத எண்.
வேலைக்குப் புதிதாக வந்த பெண்போல.
கடன் வேண்டுமா என்றாள்,
சரியான இடத்தில் 'அண்ணா' போட்டாள்.
நான் பேசவில்லை.
ஒன்று. இரண்டு.
தண்ணீரில் ஒரு நாரை காலை மாற்றி நின்றது.
மூன்று.
நான்காவது விநாடியில் அவள் கேட்டாள்:
"அண்ணா, இருக்கீங்களா?"

அச்சடித்த தாளில் அந்தக் கேள்வி இல்லை.