விடுபட்ட மூன்று மீட்டர்

வெள்ளக்கல்பட்டியில் பதினேழாம் துளை.
மேக்னசைட் தேடி இறங்கிய குழாய்
நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் வரை
வெறுங்கையோடு மேலே வந்தது.
பாறை நொறுங்கித் தண்ணீரோடு போயிருக்கலாம்.
பொந்தாக இருந்திருக்கலாம்.
மாதிரிப் பெட்டியின் காலிப் பள்ளத்தில்
தெல்மா ஒரு மரக்கட்டையை வைத்தாள்.
இரு முனையிலும் ஆழத்தை எழுதினாள்.
நடுவில் ஒன்றும் எழுதவில்லை.

"இதுதான் நான்" என்றாள்
பேனாவை மூடிக்கொண்டே.

காலையில்தான் ஒண்டியப்பன் கேட்டிருந்தார்.
ரிக் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து
கற்பூரத் தட்டை எங்கள் பக்கம் நீட்டி
நீண்ட நேரம் நீட்டியே வைத்திருந்து:
"ரெண்டு பேரும் சாமி இல்லைங்கற கட்சியா?"
"அவ அந்தக் கட்சி.
நான் தெரியாதுங்கற கட்சி."
"அதென்ன மேடம், ஓட்டே போடாத கட்சியா?"
கம்ப்ரசர் ஓட்டுகிறவர் வரைக்கும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் நாள் முழுக்க அரித்தது.

பள்ளிப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில்
அப்பா இழுத்த குறுக்குக்கோட்டை
என் கையால் மறுபடி இழுத்துப்பார்க்க
முப்பது வயது ஆனது எனக்கு.
அதற்குள் சேர்வராயன் குகைக்குள்
இரண்டு முறை குனிந்து போய்வந்திருந்தேன்.
குளிர்ந்தது. வௌவால் வாசம்.
வெளியே வந்ததும் பசித்தது.

என் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்.
கீழே என்ன என்று தெரியுமா.
இருக்கிறதென்று நம்பிப் பணம் போடுவாயா.
முதல் கட்டத்தில் தெல்மா எழுதுவதையே
நானும் எழுதுகிறேன்: தெரியாது.
அடுத்த கட்டத்தில்
அவள் பேனா அந்தரத்தில் நிற்கிறது.
என் பேனா நிற்பதில்லை: நம்பவில்லை.
மூன்று மீட்டர் காணோம் என்பதற்காக
அங்கே வைரம் என்று ஒருவன் குத்தகைக்கு வந்தால்
கையெழுத்துப் போடமாட்டேன்.
வைரம் இல்லையென்று சத்தியம் பண்ணு என்றால்,
அதை எதன்மேல் பண்ணுவது?

ஞாயிறுதோறும் அம்மாவைக் கோயிலுக்கு
ஏற்காடு கூட்டிப்போவாள் தெல்மா.
பூசை முடியும்வரை காரிலேயே இருப்பாள்.
"இருபது கொண்டை ஊசியிலும்
பனிக்குள் ஹாரன் அடிக்கிறேனே,
எதிரில் யாரென்று தெரிந்தா அடிக்கிறேன்?
இருந்தால் கேட்கட்டும்."

நானும்தான் அடிக்கிறேன், தெல்மா.
ஆனால் லாரியை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றரை மணிக்கு கிளாம்ப் நழுவியது.
ஆறடிக் கம்பி விழுந்து
ஒண்டியப்பனின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி
வெள்ளைப் புழுதியில் குத்திட்டு நின்றது.
யாரோ எஞ்சினை நிறுத்தினார்கள்.
"எலுமிச்சம்பழம்" என்றார் அவர்.
"இருக்கலாம்" என்றாள் தெல்மா.
"கிளாம்ப் பல் தேஞ்சிருக்கு,
திங்கக்கிழமையே எழுதிவெச்சேன்" என்றேன் நான்.
மூன்று பேர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு "நல்லவேளை" என்றேன்.
என் வாயிலிருந்துதான் வந்தது.
இன்னொரு முறையும் வந்தது.
யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று
தெல்மா கேட்கவில்லை. நல்லவள்.
அந்தச் சொல்லுக்கு முகவரி தேவையில்லை என்பதை
அன்று ராத்திரி குகை மார்க்கெட்டில்
தட்டுவடை செட்டுக்குக் காத்து நிற்கையில்
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

மறுநாள் புதுக் கிளாம்புக்குச் சீட்டு எழுதினோம்.
காரணம் என்ற கட்டத்தில்: பல் தேய்மானம்.
நான் ஒரு கையெழுத்து, தெல்மா ஒன்று.
ஒண்டியப்பன் போடுமுன்
வழக்கம்போல் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.
சின்னச் சீட்டு.
சுழி போய் எண்ணிக்கைக் கட்டத்தில் விழுந்தது.

ஸ்டோரில் இருக்கும் புலவர்
தமிழ் எண்கள் மறக்கக்கூடாதென்று பிடிவாதமுள்ளவர்.
அதை இரண்டு என்று படித்து
இரண்டு கிளாம்ப் அனுப்பிவைத்தார்.

ஒண்டியப்பன் எங்கள் இருவரையும் பார்த்தார்.
தெல்மா என்னைப் பார்த்தாள்.
நான் டெலிவரி சலானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.