குறைவு 2.00

இரவு பதினொன்றேகாலுக்கு
அயனாவரம் பணிமனையில்
பையைக் கவிழ்த்தார் தணிகைவேல்.
நான் காசை எண்ணுவதில்லை.
பத்துப் பத்தாக அடுக்கி
விரல்நுனியால் உயரம் பார்ப்பேன்.
பத்தொன்பது வருஷம், தப்பியதில்லை.

ஓர் அடுக்கில் ஒன்று வழுக்கியது.
ஒரு பக்கம் சிங்கம்.
திருப்பினால் அங்கும் சிங்கம்,
ஆனால் குழிந்து,
களிமண்ணில் முகத்தை அழுத்தி எடுத்ததுபோல்.
எத்தனை ரூபாய் என்று எங்கும் எழுதவில்லை.
எந்த வருஷம் என்றும்.

"யார் குடுத்தா?"
"ஓட்டேரில ஏறின கூட்டத்துல யாரோ.
கைல வாங்கினா ரெண்டு ரூபா மாதிரிதான் சார் இருந்துச்சு."
பூவா தலையா போட்டால் எப்போதும் தலைதான் விழும் என்று
சிரிக்கப் பார்த்தார்.
நான் சிரிக்கவில்லை.
செல்லாது என்றேன்.
பதிவேட்டில் குறைவு 2.00 என்றெழுதிக்
கையெழுத்து வாங்கினேன்.
சட்டைப்பையிலிருந்து கட்டினார்.
குடித்த டீ கிளாஸை விட்டுப்போவதுபோல்
காசை என் மேசையிலேயே விட்டுப்போனார்.

ஆடி முழுக்க
குண்டூசி டப்பாவில் கிடந்தது.

மகளின் கொலுசைப் பற்றவைக்க
தங்கசாலைத் தெருவுக்குப் போன அன்று
அதையும் எடுத்துப்போனேன்.
பெயரில் மட்டும் காசடிக்கிற தெரு,
முறுக்கு சாண்ட்விச் விற்கிறது.
அடகுக் கடைக்கு மேல் மாடியில் குந்தன்மல்,
ஒரு கண்ணில் லென்ஸ்.

"விளிம்போடு பிடி" என்றார் முதலில்.
"விபூதி போட்டுத் தேய்ச்சியா?"
இல்லை என்றேன்.
"தேய்ச்சிருந்தா பாதி போயிருக்கும்."
தராசில் வைத்தார்: நாலு கிராம் எண்பத்தைந்து.
"ரெண்டு ரூபாய்தான்.
எடை பொய் சொல்லாது. மூஞ்சி சொல்லும்."

இரண்டு காசை வைஸில் வைத்து இறுக்கி
இதுபோல் செய்துவிடுகிறார்களாம்.
அப்படிச் செய்தால்
இந்தப் பக்கம் குழியும்போது
அந்தப் பக்கச் சிங்கத்துக்கு மூக்கு நசுங்கும்.
இதில் பிடரியை இழை இழையாய் எண்ணலாம்.
குழிக்குள் காட்டினார்.
வாய்மை வெல்லும் என்கிற தேவநாகரி வரி
வலமிருந்து இடமாக ஓடியது.

எப்படி ஆயிற்று?
"முன்னால அடிச்ச காசு அச்சை விட்டு விழல.
அதோட முகம் அடுத்ததோட முதுகுல பதிஞ்சிடுச்சு."
எனக்கு உடனே புரிந்தது:
நிறுத்தம் வந்தும் இறங்காமல்
படியை அடைத்து நிற்கிற ஆள்.

குழி பாதி விழுந்திருந்தால் ஆயிரத்தைநூறு.
இது முழுசு, வட்டம் பிசகவில்லை.
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
"ஏழாயிரம். இப்பவே."

மின்ட் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டேன்.
கொலுசு ஒரு பையில், சிங்கம் ஒரு பையில்.
செல்லாது என்று சொன்ன வாய்
உலர்ந்து கிடந்தது.

அன்றிரவு தணிகைவேலிடம் எல்லாவற்றையும் சொல்லி
உறையில் போட்டு நீட்டினேன்.
தோல்பையில், சில்லறைக்குள் போடப் போனார்.
"ஐயோ அதுல வேணாம்!" என்று கத்தினேன்.
காவலாளி எட்டிப் பார்த்தான்.

சட்டைப்பைக்கு மாற்றிவிட்டு
கொஞ்ச நேரம் நின்றார்.
"ஏழாயிரம் இருக்கட்டும் சார்.
அன்னிக்கு எம்பேர்ல குறைவுன்னு எழுதுனீங்களே,
மொதல்ல அத எடுங்க.
பதினாலு வருஷத்துல அது ஒண்ணுதான்."

அதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
ஜூலைப் பக்கத்தைத் தேடியெடுத்தேன்.
சிவப்பில் ஒரு கோடு.
மேலே, சரி.
பக்கத்தில் என் சுருக்கொப்பம்.
மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.

அவர் போனபின்
தாளைத் திருப்பினேன்.
அன்று அவ்வளவு அழுத்தியா எழுதினேன்?
பின்புறத்தில்
இடம்வலம் மாறிப் புடைத்திருந்தது
2.00,
விரல்நுனிக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில்.