தராசுக் கிராணியின் புதன்கிழமை

காலை ஒன்பதேகால்.
அங்கே இன்னும் நேற்றிரவு முடியவில்லை.
ஆலை வாசல் ஒட்டுக்கடை டிவியில்
ஒரு நாட்டை மாநிலம் மாநிலமாய்ப் பிரித்துச்
சிவப்பு அடிக்கிறார்கள், நீலம் அடிக்கிறார்கள்.

சன்னாசி அண்ணன் லாரியை வரிசையில் விட்டுவிட்டுத்
தே ஓவோடு குந்தியிருக்கிறார்.
பென்சில்வேனியா பத்தொன்பது, ஜார்ஜியா பதினாறு,
நாலு நம்பர் முடிவு மாதிரி மளமளவென்று ஒப்பிக்கிறார்.
பங்களாதேஷ் பையன் ரொபிகுலோடு
ரொட்டி சானாய் பந்தயம்.
ரொபிகுலுக்கு எந்தக் கட்சியும் தெரியாது,
எந்த நிறம் பெரிதாய்த் தெரிந்ததோ அதில் கை வைத்தான்.

நான் பதினேழு வருஷமாய்த் தராசுக் கிராணி.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறும் லாரி ஏறும், எழுதுவேன்.
கழித்தால் வருவது சரக்கு, அதற்குத்தான் காசு.
குலைக்கடியில் மணல் வைத்தவர்கள் உண்டு.
ஏறும்போது கிளீனரை உட்காரவைத்து
இறங்கும்போது தூரமாய்ச் சிகரெட் பிடிக்க அனுப்பியவர்கள் உண்டு.
அண்ணன் அந்த ரகமில்லை.

"கூட ஓட்டு வாங்கினவனே தோத்திருக்கானாமே,
அது எப்படிம்மா?"
தராசு வேற வேற, அண்ணே.
வயோமிங்கில் ஏறுகிற ஒரு ஆள்
கலிபோர்னியாவில் மூணு பேருக்கு மேலே கனம்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்போ மணல் யாரு வெச்சது?"

இங்கேயும் கோடு நகர்ந்ததுதான்.
தபால் நிலையம் ஒரு தொகுதி, எதிர்த்த மருந்துக்கடை ஒரு தொகுதி.
லியூ கடிதம் வாங்க இன்னொரு எம்.பி.யின் மண்ணுக்குப் போய் வருகிறார்.
போன தேர்தலுக்குப் பத்துக் கிலோ அரிசி வந்தது,
தார் ரோடு பாதி வந்தது.
மீதிப் பாதி அடுத்த தேர்தலுக்காக
ஆலைப் பாலத்தருகே காத்திருக்கிறது.

அன்று தமிழ்ப்பள்ளி மூன்றாம் வகுப்பறையில்
என் விரலில் மை வைத்தார்கள்.
லயத்து ஆட்களை வேனில் ஏற்றி
நாலு நடை அடித்தவர் அண்ணன்.
நாலு நடையும் கேட்டுக்கு வெளியே நின்றார்.

பிறந்தது இதே எஸ்டேட் ஆசுபத்திரியில்.
பெயர் எழுதிய பேரேடு வெள்ளத்தில் போயிற்று.
நீ பிறக்கவில்லை என்று பதிவிலாகா சொல்லவில்லை,
பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது,
மரியாதையாக, மூன்று தடவை.

டிவியில் சிவப்பு ஒரு கட்சி.
அண்ணன் சட்டைப் பையில் சிவப்பு ஓர் அட்டை,
அறுபத்தாறு வயசு வரை ஓட்டுப் போடாத சிவப்பு.
என்னிடம் நீலம்.
அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.
அப்பா ஒரு தாளை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பத்தரைக்கு அவர் லாரி ஏறியது.
எழுதினேன்.
கொட்டிவிட்டு வெறுமையாய் வந்து ஏறியபோது
என்னவோ தோன்றி மைக்கில் சொன்னேன்:
அண்ணே, கொஞ்சம் இறங்கித் தள்ளி நில்லுங்க.
"எதுக்கும்மா?"
சும்மா.

திரையில் எண் எழுபது குறைந்தது.
எங்கள் தராசு பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்,
அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
எழுபது.
இத்தனை வருஷம் அவர் ஏறும்போதும் உள்ளே இருந்தார்,
இறங்கும்போதும் உள்ளே இருந்தார்.
நேர்மையாய் இரண்டு தடவையும் நிறுத்து
நேர்மையாய்க் கழித்துவிட்டேன்.

பின்னால் ஹாரன்.
சட்டப்படி ஏறச் சொன்னேன், சட்டப்படி எழுதினேன்.
சீட்டை வாங்கிக்கொண்டு
ஜன்னல் வழியே தலையை நீட்டினார்:

"ஜார்ஜியா என்னாச்சு?"