அடுத்த பல்கனி

நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்:
மூன்று இலை, ஒரு யோகட் கோப்பை மண்.
பக்கத்துச் சீற்றுக்காரர் கேட்டார், "வல்லாரையா?"
ஸ்ரோபெரி.
"கொழும்பிலயா?" என்று சிரித்தவர்
அவிசாவளை வரைக்கும் தூங்கினார்.

வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி.
கீழே ரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடியோடு இலையும் நடுங்கும்.
காற்று முழுக்க உப்பு.
ஒவ்வோர் இலையாக ஈரத்துணியால் துடைப்பேன்,
மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோல.
மதியம் வேரருகே இரண்டு ஐஸ் கட்டி.
கரண்ட் போன நாட்களில்
கடையில் ஐஸ் வாங்கியிருக்கிறேன்,
மீனுக்கு என்று பொய் சொல்லி.

பூ வரவில்லை.
வந்தது ஒரு கொடி, சிவந்த நூல்மாதிரி.
வழி கேட்காமல் கிரில்லுக்குள் நுழைந்து
மிஸிஸ் கொறெயாவின் கற்றாழைச் சட்டியில்
காலூன்றிவிட்டது.

மிஸிஸ் கொறெயாவோடு எனக்குப் பேச்சில்லை.
அவருடைய குளியலறைத் தண்ணீர் என் சுவரில் கசிகிறது.
எட்டு மாதம், இரண்டு கடிதம், ஒரு கூட்டம்.
லிஃப்டில் இருவரும்
இலக்கங்களைப் பார்த்தபடியே இறங்குவோம்.

பூத்தது, அவர் பக்கத்தில்.
அங்கே ஏசிப் பெட்டியின் நிழல்.
இரவில் கிரில்லுக்குள் கைவிட்டு
பழைய கண்மைத் தூரிகையால்
மஞ்சள் நடுவைத் தடவினேன், திருடிமாதிரி.
பச்சை, வெளுப்பு,
பிறகு ஒரு கன்னத்தில் மட்டும் சிவப்பு.
காகம் பார்த்தது. நானும் பார்த்தேன்.
ஒரு காலை, பழத்தின்மேல்
தேத்தண்ணி வடி கவிழ்ந்திருந்தது,
காற்றுக்குப் பறக்காமல் துணிக்கிளிப் போட்டு.
அப்போ, அவரும் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை,
பூசைக்குப் போய்வந்த சேலையோடே
கத்தியும் பீரிசுமாக வந்து நின்றார்.
பெருவிரல் நகமளவு பழம்.
விதையெல்லாம் வெளியே;
எதையும் ஒளிக்கத் தெரியாத பிறவி.
இரண்டாக வெட்டினார்.
என் பாதி கிரில்லுக்கு இந்தப்பக்கம் வந்தது.

வாயில் போட்டேன்.
மலையுமில்லை, பனியுமில்லை.
"புளி," என்றார் மிஸிஸ் கொறெயா.
எட்டு மாதத்தில் முதல் சொல்.
தன் பாதியைப் பீரிசிலேயே வைத்துவிட்டு
உள்ளே போய்
உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துவந்தார்,
காலிமுகத்திடலில் அன்னாசிக்குத் தூவுவதுபோல் தூவி
கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.
நான் அவசரப்பட்டுவிட்டேன்.

சுவர் இன்னும் கசிகிறது.
கொடி இன்னொன்று விட்டிருக்கிறது,
இம்முறை கீழ்நோக்கி, நான்காம் மாடிக்கு.
அங்கே யார் இருக்கிறார்கள் என்று
எங்கள் இருவருக்குமே தெரியாது.