வில்லங்கம் இல்லை

பென்னாகரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
நகலெடுக்கும் கடையில்
பக்கத்துக்கு இரண்டு ரூபாயாக
என் வீடு வெளியே வந்துகொண்டிருந்தது.

எழுபத்தெட்டில் எழுதிய தாய்ப்பத்திரம்,
மடிப்பில் கிழிந்து, ஒட்டிய டேப்பும் பழுத்துப்போய்.
பட்டா. வீட்டு வரி ரசீது. மின்வாரிய அட்டை.
அப்பாவின் இறப்புச் சான்று.
வாரிசுச் சான்றில் இரண்டே பேர்,
நானும், ஓசூரில் டயர் கடை வைத்திருக்கும் நஞ்சப்பனும்.
இரண்டரை லட்சத்துக்கு
விடுதலைப் பத்திரம் எழுதித் தந்த அன்று
பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.
அதற்கு ரசீது இல்லை.

முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று.
கூட்டுறவுச் சங்கக் கடன் ஒன்று;
அடைத்ததும் பதிவாகியிருக்கிறது.
"சுத்தமான சொத்துங்க" என்றார்
பத்திர எழுத்தர் திம்மராயன்,
ஈரப் பஞ்சில் விரல் தொட்டுத் தாளைப் புரட்டியபடி.
பிறகு ஒரே மூச்சில் வாசித்தார்:
தீர்த்தகிரி புளியந்தோப்புக்குத் தெற்கு
சின்னமாது காலிமனைக்கு வடக்கு
ஊராட்சி வண்டிப்பாதைக்குக் கிழக்கு
ஓடைப் புறம்போக்குக்கு மேற்கு
இதன் மத்தியில்.

நாலு பக்கமும் சரி.
கீழே ஒரு பக்கம் இருக்கிறதே,
அறுநூற்று இருபது அடி,
அதற்கு எல்லை எழுதுவது யார்?

வாங்குகிறவர் தையல்நாயகி.
சீர்காழிப் பக்கத்திலிருந்து
கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்தவர்.
வீடு பார்க்க வந்த அன்று எல்லாம் கேட்டார்,
தளம் ஒழுகுமா, பாம்பு வருமா,
போர் தண்ணிக்குக் கஷ்டமா.
"ஒரு கோடையிலயும் வத்தினதில்லைங்க" என்றேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.
அவர் கொடுத்த முன்பணம்
அடகுக் கடையிலிருந்து மீண்டு
இப்போது என் கழுத்தில் கிடக்கிறது.

பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான்.
நட்சத்திரம் கேட்டார்கள், படிப்பு கேட்டார்கள்,
சிரி என்று யாரும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் அவர் கேட்டார்,
முன்னாடியே ஏன் சொல்லலை.
நீங்க கேக்கலையே என்றேன், புறங்கையால் வாயை மூடி.
அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவில்லை.
கல்யாண ஆல்பத்தை மட்டும்
யாருக்கும் எடுத்துக் காட்டமாட்டார்.

டீச்சரின் மகளுக்கு ஏழு வயசு இருக்கும்.
மை அட்டையில் கட்டைவிரலைத் தோய்த்து
தன் முழங்கையில் ரேகை வைத்துச் சிரித்தாள்.
முன்பற்கள் இரண்டும் விழுந்த இடத்தில்
அரிசி முனையளவு
வெள்ளையாக
ஏதோ எட்டிப் பார்த்தது.

பையில் இருந்தது அந்தத் தாள்.
குப்பியில் தண்ணீர் பிடித்துப் போன சுகாதாரத்துறைப் பையன்
எழுதிக் கொடுத்தது. இத்தனை வருடமாய்
காலண்டருக்குப் பின்னால் ஆணியில் கிடந்தது.
காலையில் எதற்கு எடுத்து வைத்தேன், தெரியாது.
இன்னும் இரண்டு ரூபாய் நீட்டினேன்.

"இதெல்லாம் சொத்து விவரத்துல வராதுங்கம்மா"
திம்மராயன் குரல் தாழ்ந்து, பல்லைக் கடித்தது.
டீச்சர் வாங்கிப் படித்தார்.
"மூணு புள்ளி எட்டு.
எவ்வளவு இருக்கலாம்?"
"ஒண்ணு. மிஞ்சிப்போனா ஒன்றரை.
ஒகேனக்கல் தண்ணி குழாயில வரும்,
வாரத்துல ரெண்டு நாள்.
மத்த நாளு இதான்."
கணக்கு டீச்சர்.
கழித்துப் பார்க்க நேரமாகவில்லை.
போனை எடுத்துக்கொண்டு
வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்,
செருப்பை மாட்ட மறந்து.

மகள் மட்டும் என்னருகே வந்து நின்றாள்.
கை மடியில் இருந்தது; தூக்கவில்லை.
பழுப்புக் கோடுகளை
வாய்ப்பாடு மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மண்ணு தின்னீங்களா?"

"தண்ணி குடிச்சேன்."

உள்ளேயிருந்து பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
எங்களுடையது பதினேழு.