சமதரை

எங்கள் பக்கம் மலை கிடையாது.
நீடாமங்கலத்திலிருந்து கடல் வரைக்கும்
தண்ணீரே யோசித்து யோசித்துத்தான் நடக்கும்,
அவ்வளவு மட்டம்.
ஏறி நிற்க ஆசைப்பட்டால்
ஆற்றங்கரை, விட்டால் ரயில்வே மேம்பாலம்.

ஆனாலும் விழுகிறார்கள்.
பதினோரு வருஷமாய்
ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில்
என் கையெழுத்தில் விழுகிறார்கள்.
வழுக்கி விழுந்ததாக.
குளத்துப் பாசியில் விழுந்ததாக.
ஒருத்தி, படியே இல்லாத வீட்டில்
மூன்றாவது படியிலிருந்து.

தையல் போடுவேன், டி.டி. ஊசி போடுவேன்.
"பார்த்து நடக்கக் கூடாதா?"
அதையும் நான்தான் சொன்னேன்.

தையல்நாயகி நான்காம் முறை வந்தது
மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்த வாரம்.
கூடவே கலியமூர்த்தி, வாய்க்கால் லஸ்கர்.
சேற்று வாடை தவிர வேறு வாடை இல்லை அவரிடம்.
குடிமேல் பழியைப் போடலாமென்று பார்த்தேன்,
வழியில்லை.

"கோவம் வந்தா அவருக்குக் கை நிக்காது சிஸ்டர்."

நிற்காதா?
ஷட்டரை அரையடி தூக்கு என்றால்
அரையடியில் நிற்கும் அந்தக் கை.
போன வருஷம் முறைத் தண்ணீர் கேட்டு
நாற்பது பேர் மதகைச் சூழ்ந்துகொண்டு
அவரைப் பெற்றவளை இழுத்துத் திட்டிய ராத்திரி
சாவியைச் சுற்றிய கை
சாவியைத்தான் சுற்றியது.
ஜே.இ. முன்னால் கட்டிக்கொண்டு நிற்கும்.
அளவு தெரிந்த கை.
எங்கே திறந்தால்
யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த கை.

"நீங்க வெளிய இருங்க" என்று அவரை அனுப்பினேன்.
கதவைச் சாத்தினேன்.
எப்படி விழுந்தே என்று கேட்கவில்லை.
"யாரு அடிச்சா?"

நெற்றியில் பாதித் தையலோடு
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"விழுந்தேன்னே எழுதிக்குங்க.
ஆனா கேட்டீங்கல்ல."

மாத்திரை உறையில் 181 என்று எழுதிக் கொடுத்தேன்.
படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
"மூணு நம்பர்தானே. மனசுல நிக்கும்.
கையில நிக்கக்கூடாது."

தடுப்பூசி புதன்கிழமை
பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த ரஹ்மத்துன்னிசா
நான் கேட்காமலே சொன்னாள்.
அவர்கள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும்
ஒரே சுவர்.
"சத்தம் கேட்டா இத்தினி நாளும்
டி.வி.யைக் கூட்டி வைப்போம் சிஸ்டர்.
இப்பல்லாம் போய்க் கதவைத் தட்டுறேன்.
உறைக்கு மோர் இருக்கான்னு கேப்பேன்.
அந்தாளு கதவைத் திறந்துதானே ஆகணும்?
நேத்து மட்டும் ரெண்டு தடவை.
வீட்டுல தயிர் குடிக்க ஆளில்ல."

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஸ்கேல் வைத்து நானே ஒரு கோடு போட்டேன்.
தலைப்பு: அடித்தவர்.

இந்த மாதம் விழுந்தவர்கள் ஆறு பேர்.
ஆறு பேரையும் தனியாகக் கேட்டேன்.
நாலு பேர் படி என்றார்கள்.
ஒருத்தி வரப்பில் நிஜமாகவே வழுக்கியிருக்கிறாள்,
சொல்லும்போதே சிரிப்பு அவளுக்கு.
இன்னொருத்தி
பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.
எழுத்துக் கூட்டத்தான் நேரமானது.